தள்ளிப்போயிற்றா, தள்ளிப்போட்டீர்களா?

சென்ற மாதம் டயாலிசிஸ் பிரிவுக்கு ஒரு பெரியவர் மூச்சுத் திணறலுடன் வந்து சேர்ந்தார். வாரத்தில் மூன்று நாள் வரவேண்டியவர். "போன தடவ தள்ளிப்போச்சுங்க" என்றார். நானும் 'ஒரு முறை தவறியது' என்று கோப்பில் எழுதிவிட்டுச் சிகிச்சையைத் தொடங்கினேன். மறுநாள் அவருடைய மகள் சொன்ன பிறகே உண்மை விளங்கிற்று. துணைக்கு வரும் மருமகனுக்கு ஃபவுண்டரியில் விடுப்புக் கிடைக்கவில்லை. பிறருக்குத் தொல்லை வேண்டாம் என்று பெரியவரே தள்ளிப்போட்டிருக்கிறார்.

மழை தள்ளிப்போகும், கல்யாணம் தள்ளிப்போகும். இளம்பெண்ணுக்கு 'நாள் தள்ளிப்போயிருக்கிறது' என்றால் வீட்டில் மகிழ்ச்சி. இவற்றுக்கெல்லாம் செய்தவர் என்று ஒருவர் இல்லை. தள்ளிப்போடுதலுக்கு ஒருவர் உண்டு, அவருக்கு ஒரு காரணமும் உண்டு. அந்தக் காரணம் தெரிந்திருந்தால், மருமகனுக்கு வேலை இல்லாத நேரத்துக்கு முறையை மாற்றித் தந்திருப்போம். டயாலிசிஸுக்கு இடையில் இரண்டு நாள் இடைவெளி விழுவதே இதயத்துக்குச் சுமை. அது நான்கைந்து நாளாக நீளும்போது நீர் நுரையீரலில் தேங்குகிறது, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுகிறது. அவர் பிழைத்துக்கொண்டார். எல்லாரும் பிழைப்பதில்லை.

நோயாளிகளை மட்டும் சொல்வது நியாயமன்று. 'அறுவை சிகிச்சை ஒத்திவைக்கப்பட்டுள்ளது' என்று எழுதுபவர்கள் நாங்கள்தாம். ஒத்திவைத்தவர் யார், ஏன், எந்த நாளுக்கு என்ற மூன்றையும் அந்தச் செயப்பாட்டுவினை விழுங்கிவிடுகிறது. ஒரு முறை செவிலியர் ஒருவர், "உங்களை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள்" என்று மூதாட்டி ஒருவரிடம் சொல்லிவிட்டார். "ஏஞ்சாமி, என்னையத் தள்ளி வெச்சுப்போட்டீங்களா?" என்று அவர் கண் கலங்கினார். ஊரைவிட்டும் உறவைவிட்டும் விலக்குவதற்கும் நம் பக்கத்தில் அதுதானே சொல்! ரத்த அழுத்தம் கட்டுக்குள் வரவில்லை, அதனால் மயக்க மருந்து மருத்துவர் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றினார் என்று சொல்லியிருந்தால் அழுகைக்கு இடமில்லை.

நம் ஊர் வித்யாலயத்தை நிறுவிய தி. சு. அவினாசிலிங்கம் தோற்றுவித்த தமிழ் வளர்ச்சிக் கழகம், பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வெளியிட்டது. அறிவியலுக்கு வேண்டிய பெயர்ச்சொற்களை அப்பெரியோர் தேடித் தந்தார்கள். மருத்துவமனையில் எங்களை இடறுபவை பெரும்பாலும் வினைச்சொற்களே.

'பதிவு செய்தல்' என்பதைப் பாருங்கள். சமையல் எரிவாயுவுக்குப் பதிவு செய்தால் உருளை வீடு வந்து சேர்கிறது. மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளை முறைப்படி பகிர்ந்தளிக்கும் திட்டம் தமிழ்நாட்டில் 2008 முதல் நடைபெறுகிறது. அதில் சிறுநீரகத்துக்குப் பெயர் கொடுத்த குடும்பங்கள் பல, "பதிஞ்சாச்சுங்க, இனி வந்துரும்" என்று நிம்மதியாக இருந்துவிடுகின்றன. பதிவது தொடக்கந்தான். பட்டியலில் ஏறிய பெயரை நடப்பில் வைத்திருக்க வேண்டும். காலில் புண்ணோ நெஞ்சில் சளியோ வந்தால் அது குணமாகும்வரை பெயர் நிறுத்திவைக்கப்படும். அதை மறைப்பதால் பயனில்லை. தொற்றோடு மாற்று அறுவை செய்ய எந்த மருத்துவரும் துணியமாட்டார். குணமானதும் எங்களிடம் வந்து சொன்னால்தான் பெயர் மீண்டும் உயிர்பெறும்.

இன்னொன்று, சிறியதுதான். புதிய சிம் வாங்கினால் அன்றே பதிவேட்டில் எண்ணை மாற்றச் சொல்லுங்கள். அழைப்பு இரவு இரண்டு மணிக்கும் வரும். பழைய எண் அணைந்து கிடந்தால், அடுத்த பெயரைத்தான் அழைப்பார்கள்.