'பழகத்தானே, இது போதும்' என்று சொல்லாதீர்கள்

வீட்டில் முதன்முதலாக ஒரு டேப்லெட் வாங்கும் பேச்சு எழுந்தால், கூடவே ஒரு வாக்கியமும் வந்துவிடும்: "பழகத்தானே, இது போதும்." அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கோ, கடையில் இருப்பதிலேயே விலை குறைந்ததை இப்போதைக்கு வாங்கிக் கொடுப்போம், நன்றாகப் பழகட்டும், பிறகு நல்லதாக ஒன்று பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். சிக்கனமான பேச்சுதான். ஆனால் கணக்கு தலைகீழ். மட்டமான கருவியை வைத்துக்கொண்டு சமாளிப்பது பழகியவரால்தான் முடியும். பழகாதவருக்குத்தான் ஒழுங்காக வேலை செய்யும் கருவி வேண்டும்.

என் பெரியம்மா பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு வாங்கித் தந்த டேப்பில் ஒருநாள் யூடியூப் படத்தைத் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தொட்டார். விரலை ஊன்றி அழுத்தினார். நான்கைந்து நொடி கழித்து, தொட்டது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏதேதோ திறந்துகொண்டன. திரை முழுக்க ஒரு விளம்பரம் வந்து நின்றது. அதை மூட வேண்டிய பெருக்கல் குறி அவர் விரல் நுனியில் கால்வாசி கூட இல்லை. டேப்பைக் கீழே வைத்துவிட்டு, "நான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல தம்பி, நீயே பாரு" என்றார்.

அவர் எதையும் தப்பாக அமுக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், தொட்டவுடன் திறக்க வேண்டிய ஒன்று திறக்காததற்குத் தன்னையே குறை சொல்லிக்கொள்கிறார். இதுதான் என் கோபத்துக்குக் காரணம். பழகியவர் கருவியைத் திட்டுவார். பழகாதவர் தன்னைத் திட்டிக்கொள்வார். 'இந்த வயசுல இதெல்லாம் நமக்கு வராது' என்ற முடிவுக்குப் பல பெரியவர்கள் வந்துசேர்வது இப்படித்தான். பிரேக் பிடிக்காத சைக்கிளைக் கொடுத்துவிட்டு, ஓட்டத் தெரியவில்லை என்று சொல்வதில் என்ன நியாயம்?

வீடுகள் செய்யும் இந்தத் தவறை ஒரு நாடும் செய்திருக்கிறது. 2011 அக்டோபர் 5 அன்று, அப்போதைய மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறை அமைச்சர் கபில் சிபல், உலகிலேயே மலிவான டேப்லெட் என்ற பெருமையோடு 'ஆகாஷ்' கருவியை வெளியிட்டார். அரசு அதை வாங்கிய விலை ஏறத்தாழ 2,250 ரூபாய். 7 அங்குலத் திரை, 366 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 எம்.பி. ரேம். திரை ரெசிஸ்டிவ் வகை. விரல் பட்டால் போதாது, அழுத்த வேண்டும். இணையத்துக்கு வைஃபை மட்டுமே வழி, சிம் கார்டு போட இடம் இல்லை. கூகுளின் ஆப் சந்தையும் அதில் இல்லை. கணினியே தொட்டிராத மாணவனின் கையில் முதல் கருவியாகப் போய்ச் சேர வேண்டும் என்று திட்டமிட்டது இதைத்தான். அந்த மாணவனின் கிராமத்தில் அன்று வைஃபை எங்கே இருந்தது?

வேகம் இல்லை, சூடாகிறது, சார்ஜ் நிற்கவில்லை என்று முதல் சோதனையிலேயே புகார்கள் குவிந்தன. 2012 நவம்பர் 11 அன்று வந்த ஆகாஷ் 2-இல் திரை, விரல் பட்டாலே போதும் என்கிற கெபாசிட்டிவ் வகை ஆனது, செயலி 1 கிகாஹெர்ட்ஸ் ஆனது, ரேம் 512 எம்.பி. ஆனது. ஆனாலும் நாடெங்கும் உள்ள மாணவர் கைகளுக்கு அதைக் கொண்டுசேர்க்கும் கனவு நிறைவேறாமலே போயிற்று. நோக்கம் நல்லதுதான். ஏழை மாணவனுக்கும் கருவி கிடைக்க வேண்டும் என்று நினைத்ததில் குறையே இல்லை. விலையை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த விலைக்குள் எது அடங்குகிறதோ அதுவே பழகுகிறவனுக்குப் போதும் என்று நினைத்ததுதான் குறை.

இன்று கடையிலும் ஆன்லைனிலும் ஐந்தாறாயிரத்துக்கு விற்கும் பல டேப்புகள் அதே நினைப்பில் செய்யப்பட்டவைதான். பெட்டியில் கொட்டை எழுத்தில் '8 ஜி.பி. ரேம்' என்று இருக்கும். பொடி எழுத்தில் '4+4' என்று இருக்கும். இரண்டாவது நான்கு, சேமிப்பு இடத்திலிருந்து கடனாக எடுத்தது. உண்மையான ரேமின் வேகம் அதற்கு வராது. 32 ஜி.பி. சேமிப்பு என்றால் அதில் பெரும்பகுதியை ஆண்ட்ராய்டும் கூடவே வரும் ஆப்களும் எடுத்துக்கொள்ளும். பேரன் அனுப்பும் வாட்ஸ்அப் வீடியோக்களிலேயே மிச்சமும் நிரம்பிவிடும். வைட்வைன் எல்1 என்ற சான்று இல்லாத கருவியில் நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் எச்.டி. தரத்தில் படம் காட்டாது. எத்தனை ஆண்டுக்குப் பாதுகாப்பு அப்டேட் வரும் என்று பெயர் தெரியாத கம்பெனியிடம் கேட்டால் பதில் இருக்காது. 2023-இல் மலிவான ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகளையும் ஒரு டேப்லெட்டையும் ஆராய்ந்த பாதுகாப்பு வல்லுநர்கள், வாங்கும்போதே உள்ளே தீங்கு நிரல் புதைந்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். எது சரி, எது மோசடி என்று பிரித்தறியத் தெரியாதவர் கையில் போய் இதைக் கொடுப்பதா?

'இருப்பதிலேயே விலை குறைந்தது' என்பதற்குத் துணையாக இன்னொரு நம்பிக்கையும் வரும்: "நெட்டெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், என் போன்லேர்ந்து ஹாட்ஸ்பாட் போட்டுக்கலாம்." மகன் வீட்டில் இருக்கும் வரை இது நடக்கும். காலையில் அவன் வேலைக்குக் கிளம்பினால் போனும் போகும், நெட்டும் போகும். இணையம் தேவைப்படும் பகல் முழுக்க டேப் வெறும் பலகை. இரவிலோ, மகனின் ஒருநாள் 1.5 ஜி.பி. தீர்ந்ததும் வேகம் 64 கே.பி.பி.எஸ்ஸுக்கு இறங்கிவிடும். அதில் யூடியூப் சுற்றிக்கொண்டே இருக்கும். பெரியவர் மறுபடியும் தன் விரலைத்தான் சந்தேகப்படுவார்.

அதனால் எந்த டேப் என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, எந்த நெட் என்பதுதான். வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்து, டேப்பும் வீட்டிலேயே இருக்கும் என்றால் வைஃபை மட்டும் உள்ள மாடல் தாராளமாகப் போதும். இணைப்பு இல்லாத வீடு என்றாலோ, மகள் வீடு, ஊர், மருத்துவமனை என்று கூடவே எடுத்துப்போவார்கள் என்றாலோ, சிம் போடும் மாடல்தான் வேண்டும். வாங்கிய பிறகு சிம்முக்கு இடம் முளைக்காது என்பதால் இதைக் கடைக்குப் போகும் முன்பே முடிவு செய்ய வேண்டும். வீட்டுக்குள் ரவுட்டர் எங்கே, பெரியவர் உட்காரும் இடம் எங்கே என்பதும் முக்கியம். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு வேகம் அதிகம், சுவரைத் தாண்டும் வலு குறைவு. 2.4-க்கு வேகம் குறைவு, எட்டும் தூரம் அதிகம். பின்கட்டு அறையில் சிக்னல் விட்டு விட்டு வருகிறது என்றால் முதலில் 2.4-இல் இணைத்துப் பாருங்கள். பணம் அனுப்பும் யு.பி.ஐ. ஆப்கள், வங்கியில் பதிந்த எண்ணின் சிம் இருக்கும் கருவியிலிருந்து எஸ்.எம்.எஸ். போனால்தான் வேலை செய்யும். வைஃபை டேப்பில் அது நடக்காது. அந்த வேலைக்கு அவருடைய போனே இருக்கட்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

கணக்கு யார் பெயரில் என்பதிலும் இதே அலட்சியம்தான். அவசரத்துக்கு மகனின் ஜிமெயிலைப் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். பாஸ்வேர்டு மகனுக்குத்தான் தெரியும், ஓ.டி.பி.யும் மகனுக்குத்தான் போகும். அப்படியானால் கருவி யாருடையது? அவர் பெயரில், அவர் எண்ணில் தனிக் கணக்கு தொடங்கி, பாஸ்வேர்டை அவர் கையாலேயே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள். தமிழ் விசைப்பலகையைச் சேருங்கள். கூகுளின் குரல் தட்டச்சு 2017-இலிருந்து தமிழிலும் இருக்கிறது. விசையைத் தேடித் தடுமாறுகிறவர், வாயால் சொல்லி எழுத்தாவதைப் பார்த்தால் அந்தக் கருவியோடு அவருக்கு உறவு வந்துவிடும்.

"எல்லாராலும் இருபதாயிரம், முப்பதாயிரம் கொடுக்க முடியுமா?" என்று கேட்பார்கள். முடியாது, தேவையும் இல்லை. ஐபேட் வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. உண்மையான 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. சேமிப்பு, அப்டேட் தருவதாக எழுத்தில் சொல்லும் கம்பெனி, ஊரிலோ பக்கத்து ஊரிலோ சர்வீஸ் சென்டர். இந்த நான்கும் நடுத்தர விலையிலேயே கிடைக்கின்றன. பிளே ஸ்டோரின் அமைப்புகளில் 'சான்றளிக்கப்பட்ட சாதனம்' என்று இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பார்த்துவிடலாம். அதுவும் எட்டாத விலை என்றால், நல்ல கம்பெனியின் பழைய மாடலைப் பழுதுபார்த்து விற்கும் நம்பகமான கடையில் வாங்கலாம். அப்போது ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். முந்தைய உரிமையாளர் தன் கூகுள் கணக்கை நீக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரீசெட் செய்ததும் அவருடைய கணக்கைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். இந்தப் பாதுகாப்பு 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1-இலிருந்தே இருக்கிறது. இதுவும் முடியாதா? இரண்டு மாதம் பொறுத்து, பணம் சேர்த்து வாங்குங்கள். அதுவரை கையில் இருக்கும் போனிலேயே பழகட்டும். மட்டமான டேப்பில் பழகுவதைவிட அது எவ்வளவோ மேல்.

"உடைத்துவிட்டால்?" என்பது பிள்ளைகளைப் பற்றிய அடுத்த கேள்வி. ரப்பர் உறையும் திரைக் கண்ணாடியும் போட்டால் பெரும்பாலும் தப்பிவிடும். திணறும் கருவியில் கற்றுக்கொண்ட வெறுப்பைத் தடுக்க எந்த உறையும் கிடையாது.

'பிறகு நல்லது வாங்கலாம்' என்பதில் அந்த 'பிறகு' பல வீடுகளில் வருவதே இல்லை. மட்டமான டேப் அலமாரிக்குள் போகும். 'வாங்கித் தந்தோம், அவங்களுக்குப் பிடிபடல' என்று வீடு முடிவு கட்டும். பெரியவரும் அதையே நம்பிவிடுவார். மிச்சம் பிடித்த சில ஆயிரத்துக்கு நாம் கொடுத்த விலை, அவர் தன்மேல் வைத்திருந்த நம்பிக்கை. வீட்டில் மூன்றாவது டேப் வாங்கும்போது எங்கே வேண்டுமானாலும் சிக்கனம் பாருங்கள். ஒருவர் வாழ்க்கையில் தொடும் முதல் டேப்பிலும் அதற்கான நெட்டிலும் மட்டும் பார்க்காதீர்கள். கடைக்காரர் "பழகத்தானே சார்?" என்று கேட்டால், "ஆமாம், பழகத்தான். அதனால நல்லதா காட்டுங்க" என்று சொல்லுங்கள்.