விதையும் சாஃப்ட்வேரும் வாங்குற இடம் தெரிஞ்சு வாங்கணும்

பிசானத்துக்கு நாத்துப் பாவியாச்சு. கன்னடியன் கால்ல தண்ணி வந்துட்டு இருக்கு. ரெண்டு நாளா மழை, வயல்ல வேலை ஓடல. அதான் ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்ச விஷயத்தை இன்னிக்கு எழுதுதேன். இது நெல்லு பத்தி இல்ல, கம்ப்யூட்டர் பத்தி. "பத்தாங்கிளாஸ் படிச்ச விவசாயிக்கு இது எதுக்கு"ன்னு நெனைக்காம கடைசி வரைக்கும் படிங்க. பட்டணத்துல இருக்கிற உங்களுக்கும் இதுல ஒரு வேலை இருக்கு.

எங்க அப்பா வில்லுப்பாட்டுல குடம் அடிப்பாவ. சுத்துப்பட்டுல எந்தக் கோயில் கொடைன்னாலும் அவிய குழுவைக் கூப்பிடுவாங்க. 2008 சித்திரையில எங்க ஊர் அம்மன் கொடையை ஒரு வீடியோக்காரர் எடுத்து டிவிடி போட்டுக் குடுத்தார். அடுத்த மூணு வருஷத்துல அப்பா தவறிட்டாவ. டிவிடியும் கீறல் விழுந்து திக்க ஆரம்பிச்சது. முழுசாப் போறதுக்குள்ள டவுன்ல ஒரு கடையில குடுத்து, மகனுக்குப் பிளஸ் டூவில கவர்மெண்ட் குடுத்த லேப்டாப்புல ஏத்தி வச்சோம். வருஷத்துக்கு ஒரு தடவை, திதி அன்னிக்கு, வீட்ல எல்லாரும் உக்காந்து பாப்போம்.

அந்த வீடியோவை விண்டோஸ்ல இருந்த பிளேயர் எடுக்காது. மகன் வி.எல்.சி. போட்டு வச்சிருந்தான். ஆரஞ்சு கலர்ல ரோட்டுல வைக்கிற கூம்பு மாதிரி படம் இருக்குமே, அதுதான். எந்த ஃபைலைக் குடுத்தாலும் பாடும்.

2022 வைகாசியில ஒரு நாள் அது அப்டேட் கேட்டுச்சு. நானும் 'சரி'ன்னு அமுக்கினேன். ஒண்ணும் நடக்கல. மகன் ஒரு தடவை நோட்டுல எழுதிக் குடுத்த அட்ரஸ் இருந்துச்சு, வீடியோலேன் சைட்டு. அதை அடிச்சுப் பாத்தேன். திறக்கல. நெட்டுதான் சரியில்லன்னு நெனச்சேன். ஆனா மத்த சைட்டெல்லாம் திறக்குது. சரின்னு தேடிப் பாத்து, மேல முதல்ல வந்ததுல நுழைஞ்சேன். அதே கூம்புப் படம், பெரிய பச்சைப் பொத்தான். இறக்கினேன், 'நெக்ஸ்ட் நெக்ஸ்ட்'னு அமுக்கினேன். நம்ம ஆளுங்க எல்லாரும் செய்யுறதுதானே.

அன்னியிலிருந்து பிரவுசரைத் திறந்தா வேற ஏதோ பக்கம் வருது. விளம்பரம் விளம்பரமா வருது. லேப்டாப் மாட்டுவண்டி மாதிரி ஆயிட்டு. சரி பண்ணக் கொண்டு போன இடத்துல எல்லாத்தையும் அழிச்சு, புதுசா விண்டோஸ் போட்டுக் குடுத்துட்டாங்க. அப்பா வீடியோ அதோட போச்சு. காப்பி எடுத்து வைக்காதது என் தப்புதான், ஒத்துக்கிடுதேன். மகன் போன்ல கேட்டதும் ஒரே வார்த்தைதான் சொன்னான்: "எப்பா, அது அசல் சைட்டு இல்லப்பா."

அப்போ அசல் சைட்டு ஏன் திறக்கல? இது பின்னாடிதான் தெரிஞ்சது. 2022 பிப்ரவரி 13-லேர்ந்து வீடியோலேன் சைட்டை இந்தியாவில தடுத்து வச்சிருந்திருக்காங்க. சைட்டை நடத்துறவங்களுக்கு நோட்டீஸும் இல்ல, நமக்கு அறிவிப்பும் இல்ல. அக்டோபர்ல வீடியோலேன் அமைப்பு, டெல்லியில இருக்கிற இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் உதவியோட, தொலைத்தொடர்புத் துறைக்கும் ஐ.டி. அமைச்சகத்துக்கும் வக்கீல் நோட்டீஸ் விட்டாங்க. 'தடை உத்தரவோட நகலைக் குடுங்க, எங்க பக்கத்தையும் கேளுங்க'ன்னு. நவம்பர் 14-ஆம் தேதி தடையை எடுத்துட்டதா செய்தி வந்துச்சு. ஒன்பது மாசம்! ஒரு கார், பாதிப் பிசானம் முடிஞ்சு போற காலம்.

இந்த வி.எல்.சி. யாரோ திருட்டுத்தனமா செஞ்ச சாமான் இல்ல. 1996-ல பாரிஸ்ல ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் படிக்கும்போது ஆரம்பிச்சது. 2001-லேர்ந்து, யாரு வேணும்னாலும் உள்ள இருக்கிறதைப் பாத்துக்கலாம், மாத்திக்கலாம்னு பொது உரிமத்துல குடுத்துட்டாங்க. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. இன்ஸ்டால் பண்ணும்போது கூடவே வேற கம்பெனி சாமானையும் சேத்துத் தரச் சொல்லிப் பெரிய பணம் பேசினாங்க, வேண்டாம்னுட்டேன்னு அதை நடத்துற ழான்-பாப்டிஸ்ட் கெம்ஃப் பல பேட்டியில சொல்லியிருக்கார். அந்த வேலையைத்தான் நான் போன போலி சைட்டு செஞ்சது.

தடைக்கு என்ன காரணமாம்? சீன ஹேக்கர் கும்பல் ஒண்ணு வி.எல்.சி.யைப் பயன்படுத்தி வைரஸ் ஏத்துதுன்னு சிமான்டெக் கம்பெனிக்காரங்க 2022 ஏப்ரல்ல சொன்னாங்க. அதுதான் காரணமா இருக்கும்னு பத்திரிகைகள் எழுதுச்சு. ஆனா அந்தக் கும்பல் செஞ்சது என்னன்னா, அசல் வி.எல்.சி. பக்கத்துல தன்னோட கெட்ட ஃபைல் ஒண்ணை வச்சு, அசலைத் திறக்கும்போது அதுவும் சேந்து ஓடுற மாதிரி பண்ணினது. நல்ல விதை மூட்டையில எவனோ களை விதையைக் கலந்தான்னு வைங்க. அதுக்காக விதைப் பண்ணையையே பூட்டினா, விவசாயி எங்க போவான்? சந்தையில எவன் கூவி விக்கிறானோ அவன்கிட்டதான் போவான். நான் போனேனே, அதே மாதிரி.

நாட்டுப் பாதுகாப்புக்கு ஆபத்துன்னா அரசாங்கம் தடுக்க வேண்டியதுதான். ஐ.டி. சட்டம் 69ஏ பிரிவுல அதுக்கு அதிகாரம் இருக்கு. நான் இல்லேங்கல. ஆனா கோடிக்கணக்கான பேர் பயன்படுத்துற சாமானோட அசல் வாசலை மூடும்போது, ஒரு வரி சொல்லிட்டு மூடணும். எங்க ஊர்ல கால்வாய் மடையை அடைச்சாக்கூட ரெண்டு நாள் முன்னாடி சொல்லிடுவாங்க. சொல்லாம அடைச்சா, கடைமடைக்காரன் பயிர் காஞ்ச பிறகுதான் விஷயம் தெரியும்.

இப்போ சில பேர் சொல்லுதாங்க: "இதுக்குத்தான் மாமா ஆப் ஸ்டோர். அங்க இருந்து மட்டும் எடுங்க, தொல்லையே இல்ல." எங்க மருமகன், பெங்களூர்ல இருக்கான், அவனும் இதையேதான் சொன்னான். போனுக்குச் சரி. கம்ப்யூட்டருக்கு எல்லாமே ஸ்டோருக்குள்ளதான்னு ஆயிட்டா, என்ன விக்கலாம், எது இருக்கலாம்னு ரெண்டு மூணு கம்பெனிதான் முடிவு பண்ணும். நெல்லு கொள்முதலுக்கு ஒரே ஒரு வியாபாரிதான்னா விலை என்ன ஆகும்னு எங்களுக்குத் தெரியும். செஞ்சவங்ககிட்டயே நேரா வாங்குற வழி திறந்து இருக்கணும். அந்த வழியில போறதுக்கு அடையாளம் பாக்கவும் நமக்குத் தெரிஞ்சிருக்கணும்.

எங்க வயல்ல அம்பை 16 போடுதோம். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்துல உருவான ரகம். சான்று விதை மூட்டையில நீல அட்டை தைச்சிருக்கும். அந்த அட்டை இல்லாம, எவ்வளவு சலிசாக் குடுத்தாலும் வாங்க மாட்டோம். சாஃப்ட்வேருக்கும் அட்டை இருக்கு. விண்டோஸ்ல இன்ஸ்டால் பண்ணும்போது திரை மங்கி, 'இதை அனுமதிக்கலாமா'ன்னு ஒரு பெட்டி வரும்ல, அதுல வெளியிட்டவர் பேர் போட்டிருக்கும். அசல் வி.எல்.சி.ன்னா வீடியோலேன்னு இருக்கும். யாருன்னே தெரியலன்னு சொன்னா, 'வேண்டாம்'னு அமுக்கிட்டு எந்திரிச்சிடுங்க. இன்னும் கவனமா இருக்கிறவங்களுக்கு, அசல் சைட்டுல ஒவ்வொரு ஃபைலுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஒரு வரி குடுத்திருப்பாங்க. நாம இறக்கின ஃபைலுக்கும் அதே வரி வருதான்னு ஒத்துப் பாத்துக்கலாம். முளைப்புத் திறன் சோதிக்கிற மாதிரிதான்.

"பாட்டு, படம் பாக்குறதுக்கு எதுக்கு அப்டேட், பழசே இருக்கட்டுமே"ன்னு ஒரு கேள்வி வரும். நானும் அப்படித்தான் நெனச்சேன். 2017-ல செக் பாயிண்ட் கம்பெனிக்காரங்க ஒரு விஷயம் கண்டுபிடிச்சாங்க. படத்துக்குக் கீழ வசனம் போடுற சப்டைட்டில் ஃபைல் இருக்கே, அதுக்குள்ள விஷத்தை ஒளிச்சு வச்சா கம்ப்யூட்டரையே பிடிச்சிடலாமாம். வி.எல்.சி.யிலயும் அந்த ஓட்டை இருந்துச்சு, அடைச்சு அப்டேட் விட்டாங்க. பழசையே வச்சிருந்தா ஓட்டை அப்படியே இருக்கும். ஆனா அப்டேட்டை அந்தச் சாஃப்ட்வேருக்கு உள்ள இருக்கிற ஹெல்ப் மெனு வழியா, இல்லன்னா அசல் சைட்டுல இருந்து மட்டும்தான் எடுக்கணும். ஏதோ ஒரு பக்கத்தைப் பாக்கும்போது 'உங்க பிளேயர் பழசு'ன்னு குதிச்சு வந்தா, அது போலி.

இப்போ உங்களுக்கு உள்ள வேலையைச் சொல்லுதேன். பொங்கலுக்கு ஊருக்கு வருவீங்க. வந்ததும் அப்பா அம்மா கம்ப்யூட்டரை நீங்களே வாங்கி, டக் டக்குனு நாலு சாமான் போட்டுட்டுப் போயிடுதீங்க. அடுத்த அப்டேட்டுக்கு அவங்க யார்கிட்டப் போவாங்க? பத்து நிமிஷம் பக்கத்துல உக்காந்து, அசல் அட்ரஸைப் பெரிய எழுத்துல ஒரு தாள்ல எழுதி ஒட்டுங்க. அந்தப் பெட்டியில வர்ற பேரைக் காட்டிக் குடுங்க. அந்த அட்ரஸ் ஒரு நாள் திறக்கலன்னா, தேடாம உங்களுக்குப் போன் பண்ணச் சொல்லுங்க. அப்படியே பழைய வீடியோ, போட்டோ எல்லாத்தையும் ஒரு பென் டிரைவுல காப்பி எடுத்துக் கையோட கொண்டு போங்க.

எங்க பெரியம்மா மகன் பம்பாய்ல இருக்கார். அந்தக் கொடை வீடியோவில கொஞ்சம் அவர்கிட்ட இருந்துச்சு, போன வருஷம் அனுப்பினார். பதினோரு நிமிஷம்தான். அப்பா முகம் தெரியல, முன்னால ஒருத்தர் நிக்கார். குடம் அடிக்கிற சத்தம் மட்டும் நல்லாக் கேக்குது. இப்போ அது மூணு இடத்துல காப்பி இருக்கு. வி.எல்.சி.யும் அசல் சைட்டுல இருந்து எடுத்ததுதான், பெட்டியில பேரைப் பாத்துட்டுத்தான் 'சரி' அமுக்கினேன்.

மழை விட்டுட்டு. வரப்பு உடைஞ்சிருக்கான்னு பாக்கப் போகணும். அடுத்த பதிவுல பாப்போம்.