சிங்கப்பூர் மாப்பிள்ளையா? சம்பளத்தோடு சேர்த்துக் கேளுங்கள்: 'எந்த பாஸ்?'

தை மாதம் சம்பா அறுவடை முடியும்போது தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் கல்யாணப் பேச்சும் சூடு பிடிக்கும். பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, மன்னார்குடி பக்கம் கைமாறும் ஜாதகங்களில் 'சிங்கப்பூரில் வேலை' என்ற வரி அடிக்கடி கண்ணில் படும். பெண் வீட்டார் வழக்கமாகக் கேட்பது இரண்டு கேள்விகள். என்ன வேலை? கையில எவ்வளவு வரும்?

கல்யாணத்துக்குப் பிறகு பெண் அங்கே போய்க் கணவனோடு இருக்க முடியுமா? அதற்கான பதில் இந்த இரண்டு கேள்விகளில் கிடைக்காது. மாப்பிள்ளை எந்த பாஸில் வேலை செய்கிறார் என்பதில்தான் இருக்கிறது.

எந்த பாஸ், என்ன உரிமை?

சிங்கப்பூரில் வெளிநாட்டவருக்கான வேலை அனுமதிகளை அந்நாட்டு மனிதவள அமைச்சகம் வழங்குகிறது. இதில் முக்கியமானவை மூன்று.

வொர்க் பெர்மிட்: கட்டுமானம், கப்பல் கட்டும் தளம், உற்பத்தி ஆலை போன்ற இடங்களில் வேலை செய்பவர்களுக்கானது. ஊரில் 'பெர்மிட்' என்பார்கள். இதை வைத்திருப்பவர் மனைவியையோ பிள்ளைகளையோ அழைத்து வந்து குடும்பமாகத் தங்க முடியாது.

எஸ் பாஸ்: நடுத்தரத் திறன் வேலைகளுக்கானது. 2025 செப்டம்பர் முதல் புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்குக் குறைந்தபட்ச சம்பளம் 3,300 சிங்கப்பூர் டாலர்.

எம்ப்ளாய்மென்ட் பாஸ்: பொறியாளர், மேலாளர் போன்ற பணிகளுக்கானது. ஊர் வழக்கில் 'இ பாஸ்'. 2025 ஜனவரி முதல் புதிய விண்ணப்பங்களுக்குக் குறைந்தபட்ச சம்பளம் 5,600 டாலர். நிதித் துறையில் 6,200 டாலர்.

எஸ் பாஸ், இ பாஸ் வைத்திருப்பவர்கள் மனைவிக்கு 'டிபென்டன்ட் பாஸ்' கேட்கலாம். ஆனால் மாதச் சம்பளம் குறைந்தது 6,000 டாலர் இருக்க வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். 'பெர்மிட் இல்லைங்க, எஸ் பாஸ்' என்று சொன்னதுமே பெண்ணும் கூடப் போய்விடலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். 3,300 டாலருக்கும் 6,000 டாலருக்கும் நடுவே 2,700 டாலர் இடைவெளி இருக்கிறது. 5,600 டாலர் வாங்கும் இ பாஸ்காரரே இன்னும் 400 டாலர் கூடினால்தான் மனைவிக்கு விண்ணப்பிக்க முடியும்.

ஓவர்டைம் கணக்கில் வருமா?

வராது. அமைச்சகம் பார்ப்பது நிலையான மாதச் சம்பளத்தை. அதாவது, அடிப்படைச் சம்பளமும் மாதாமாதம் மாறாமல் வரும் படிகளும் மட்டும். ஓவர்டைமும் போனஸும் சேராது. ஆகவே 'எல்லாம் சேர்த்து ஆறாயிரம் வரும்' என்ற பேச்சை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

இன்னொரு விஷயம், டிபென்டன்ட் பாஸுக்கு ஊழியர் தன் விருப்பப்படி விண்ணப்பிக்க முடியாது. அவர் வேலை செய்யும் நிறுவனமோ, அது நியமித்த ஏஜென்சியோதான் விண்ணப்பிக்க வேண்டும். சம்பளத் தகுதி இருந்தாலும் நிறுவனம் முன்வந்தால்தான் வேலை நடக்கும். கணவனின் வேலை போனால் மனைவியின் பாஸும் சேர்ந்தே முடிந்துவிடும்.

படித்த பெண்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2021 மே 1 முதல், டிபென்டன்ட் பாஸில் இருப்பவர் சிங்கப்பூரில் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர வேண்டுமானால், தனக்கென்று தனியாக ஒரு வேலை பாஸ் வாங்க வேண்டும். 'போனதும் அங்கே ஒரு வேலை பார்த்துக்கலாம்' என்பது அவ்வளவு சுலபம் இல்லை.

விசிட் விசாவில் போகலாமே?

போய்ப் பார்த்துவிட்டு வரலாம். இந்தியர்களுக்கு விசா தேவை. எத்தனை நாள் தங்கலாம் என்பதை விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரிகள் முடிவு செய்வார்கள். அது சுற்றுலாவுக்கான அனுமதி, குடும்பம் நடத்துவதற்கானது இல்லை. 'முதல்ல விசிட்ல வந்துடட்டும், அப்புறம் மாத்திக்கலாம்' என்று ஏஜென்ட் சொன்னால் உஷாராக இருக்க வேண்டும்.

மாப்பிள்ளை சிங்கப்பூர் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் நடைமுறையே வேறு. அப்போது மனைவி கேட்க வேண்டியது நீண்டகால வருகை பாஸ். குடிமகனைத் திருமணம் செய்யப்போகிறவர்கள், அந்த பாஸுக்கான தகுதியைத் திருமணத்துக்கு முன்பே மதிப்பிட்டுக்கொள்ளும் வசதியும் அங்கே உண்டு.

இந்தப் பிரிவு டெல்டாவுக்குப் புதிதா?

இல்லை. நாகப்பட்டினத்தில் இருந்து 'ரஜூலா' கப்பலில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆண்கள் போன காலத்தில் குடும்பம் ஊரில்தான் இருந்தது. அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர் பக்கம் வெளிநாட்டில் பிழைப்பவரைக் குறிக்க 'சபுராளி' என்று ஒரு சொல்லே உண்டு. இன்று கப்பலுக்குப் பதில் திருச்சியில் இருந்து நாலு மணி நேர விமானம், கடிதத்துக்குப் பதில் வீடியோ கால். பெர்மிட்டில் இருப்பவரின் மனைவிக்கு மற்றபடி பெரிதாக எதுவும் மாறவில்லை.

சமீபத்திய மாற்றம் ஒன்று இந்தப் பிரிவை இன்னும் நீளமாக்கலாம். வொர்க் பெர்மிட்டில் ஒருவர் மொத்தம் இத்தனை ஆண்டுகள்தான் வேலை செய்யலாம் என்று முன்பு இருந்த வரம்பை 2025 ஜூலை 1 முதல் சிங்கப்பூர் நீக்கிவிட்டது. வயது வரம்பும் 60-ல் இருந்து 63 ஆனது. வருமானத்துக்கு இது நல்ல செய்திதான். ஆனால் குடும்பத்தை அழைத்துவரும் உரிமை இதோடு சேர்ந்து வரவில்லை. 25 வயதில் கல்யாணம் செய்யும் ஒருவர் 63 வயது வரை விடுப்புக்கு மட்டும் ஊருக்கு வந்து போகும் வாழ்க்கை, சட்டப்படி இப்போது சாத்தியம்.

மற்ற நாடுகளில் எப்படி?

எல்லா இடத்திலும் ஏதாவது ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் குடும்பத்தை அழைக்க 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் வேண்டும். பிரிட்டனில் குடியிருப்பவர் வெளிநாட்டில் உள்ள மனைவியை அழைக்க, ஆண்டு வருமான வரம்பு 2024 ஏப்ரல் 11 முதல் 18,600 பவுண்டில் இருந்து 29,000 பவுண்டாக உயர்ந்தது. அதே ஆண்டு மார்ச் 11 முதல், அங்கே புதிதாகப் பராமரிப்புப் பணி விசாவில் போனவர்கள் குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாமல் போனது.

அமெரிக்காவில் ஹெச்-1பி விசாவில் இருப்பவரின் மனைவிக்கு ஹெச்-4 விசா உண்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவரின் மனைவி என்றால், ஆண்டு ஒதுக்கீட்டு வரிசையில் காத்திருக்க வேண்டும்.

திருமணப் பதிவில் கவனம்

எந்த நாட்டுக்கானாலும் முதலில் கேட்பது திருமணச் சான்றிதழை. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-ன்படி எந்த மதத்தினரானாலும் பதிவு கட்டாயம். திருமணம் முடிந்து 90 நாளுக்குள் செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் அடுத்த 60 நாள் அவகாசம். மாப்பிள்ளை ஒரு மாத லீவில் வந்திருந்தால், விருந்து, மறுவீடு என்று நாள் ஓடிவிடும். ஃபிளைட் ஏறுவதற்கு முன்பே சார்பதிவாளர் அலுவலகம் போய் வேலையை முடிப்பது நல்லது. சுயமரியாதைத் திருமணமும் 1967-ம் ஆண்டு சட்டத் திருத்தத்தின்படி செல்லும். அதையும் பதிவு செய்து சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பெயரில்தான் அடுத்த தலைவலி. நம் ஊரில் இனிஷியல் போடுவது வழக்கம், பாஸ்போர்ட்டில் அது விரிந்து அப்பா பெயராக இருக்கும். சான்றிதழில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி இருந்தால் விண்ணப்பம் இழுபறி ஆகும். பதிவு செய்யும்போதே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

நிச்சயத்துக்கு முன் என்ன பார்க்கலாம்?

வேலை அனுமதிக்கு முன் சிங்கப்பூர் அமைச்சகம் கொடுக்கும் ஐபிஏ கடிதத்தில் பாஸின் வகையும் சம்பளமும் இருக்கும். பாஸ் அட்டையில் உள்ள க்யூஆர் குறியீட்டை 'எஸ்ஜி வொர்க் பாஸ்' செயலியில் ஸ்கேன் செய்தால், அது எந்த வகை பாஸ், இப்போது செல்லுபடி ஆகிறதா என்று தெரிந்துவிடும். ஜாதகம் கேட்பது போல இதையும் கேட்பதில் தப்பில்லை. நேர்மையான மாப்பிள்ளை வீட்டாருக்கு இதைக் காட்டுவதில் சங்கடமும் இருக்காது.

பெர்மிட்டில் இருப்பவரைக் கட்டிக்கொள்ளக் கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. டெல்டாவில் எத்தனையோ வீடுகள் அந்தச் சம்பளத்தில்தான் எழுந்து நிற்கின்றன. ஆனால் கணவன் ஊருக்கு வரும் விடுப்பை எதிர்பார்த்து, மாமியார் வீட்டில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கப்போவது பெண். அந்த வாழ்க்கைக்குச் சம்மதமா என்று முடிவு செய்ய வேண்டியவரும் அவர்தான். அதற்கு உண்மை நிலவரம் தாலி ஏறுவதற்கு முன்பே அவர் காதுக்கு வந்திருக்க வேண்டும்.