நூலகமும் வட்ஸ்அப்பில் வரட்டும்

உயர்தர மாணவிக்கு போன் எதற்கு என்று வாப்பாமார் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால், பன்விலயிலிருந்து வத்தேகம வழியாகக் கண்டிக்குப் பஸ் ஏறுமுன், தேடும் புத்தகம் நூலகத்தில் இருக்கிறதா என்று அறிய அந்தப் போன் உதவுமே!

2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத்தளம் ஈழத்துப் புத்தகங்களையும் பழைய சஞ்சிகைகளையும் இலவசமாக வாசிக்கத் தருகிறது, பேஸ்புக்கிலும் இருக்கிறது. ஊர் நூலகங்கள் வட்ஸ்அப்பில் வரலாம். குழுவாக வேண்டாம். குழுவில் நமது இலக்கம் எல்லோருக்கும் தெரியும். உம்மாமாரின் பயமே அதுதான். 2023இல் அறிமுகமான ‘சனல்’ வசதியில் மற்ற வாசகருக்கு அது தெரியாது. புதிய தமிழ் நூல்களின் அட்டையைப் படமெடுத்து வாரம் ஒருமுறை போடலாம். அடுத்து எதை வாங்குவது என்று வாக்கெடுப்பும் வைக்கலாம்.

சனலில் வாசகர்கள் ஒருவரோடொருவர் பேச முடியாதுதான். அதற்கு மாதமொரு சனிக்கிழமை நூலகத்திலேயே கூடுவோம், வாப்பாமாரும் வரட்டும்.