ஓடைத் தேரையை விழுங்கியது யார்?

ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளிக்கு நிரந்தரம் கிடையாது. வயலில் கிடைக்கும் கூலி விலைவாசியை எட்டிப் பிடிக்க முடியவில்லை. இந்த நிலையில் தொழிலாளிகளின் பத்திரிகையில் ஒரு தேரையைப் பற்றி எழுதுவதா என்று தோழர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இந்தத் தேரையின் கதையைக் கடைசிவரை படியுங்கள். அதில் பாதி நம்முடைய கதை என்பது தெரியும்.

இலங்கையின் மலைநாட்டில் சிவனொளிபாதமலை இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள காட்டு ஓடைகளில் உள்ளங்கையில் அடங்கும் அளவுக்கு ஒரு சிறு தேரை வாழ்கிறது. கண்டித் தேரை என்று அதற்குப் பெயர். நம் வயல்வெளித் தேரை மழை பெய்தால் தேங்கும் குட்டையிலேயே முட்டையிட்டுப் பெருகிவிடும். இதற்கு அது போதாது. ஓடும் நீர் வேண்டும். நீர் குளிர்ந்தும் தெளிந்தும் இருக்க வேண்டும். மேலே மரநிழல் வேண்டும். தேரையின் தோல் ஈரத்தோல். அதன் வழியாகவும் அது மூச்சு விடுகிறது. ஆகவே தண்ணீரில் எதைக் கலந்தாலும் அது நேரே உடம்புக்குள் போய்விடும்.

1872ம் ஆண்டில் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த குந்தர் என்ற விஞ்ஞானி இதற்குப் பெயர் வைத்தார். பிறகு 130 ஆண்டுகளுக்கு மேல் அது யார் கண்ணிலும் படவில்லை. மாண்டு போன உயிர்களின் ஜாபிதாவில் சேர்த்துக் கணக்கை முடித்துவிட்டார்கள். 2009ல் இலங்கை ஆராய்ச்சியாளர் மெண்டிஸ் விக்ரமசிங்கவும் அவருடைய குழுவினரும் சிவனொளிபாதமலைக் காட்டில், வேகமாக ஓடும் ஓர் ஓடையில் அதை மீண்டும் கண்டார்கள். 2012ல் உலகுக்கு அறிவித்தார்கள். இந்த ஒன்று தப்பியது. இலங்கையில் பதினைந்துக்கும் மேற்பட்ட தவளை, தேரை இனங்கள் திரும்பி வரவேயில்லை.

எங்கே போயின? தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவை தன் வாயால் கெடவில்லை. பிறர் வாய்க்கு இரையாயின. அது யாருடைய வாய் என்பதைப் பார்க்க வேண்டும்.

1840ல் பிரிட்டிஷ் சர்க்கார் இலங்கையில் ஒரு சட்டம் போட்டது. பத்திரம் காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குச் சொந்தம் என்றது அந்தச் சட்டம். தலைமுறை தலைமுறையாகச் சேனை போட்டும் மாடு மேய்த்தும் வந்த சிங்களக் குடியானவன் பத்திரத்துக்கு எங்கே போவான்? அப்படிப் பறித்த நிலத்தை ஏக்கர் 5 ஷில்லிங்குக்குத் துரைமாருக்கு விற்றார்கள். சர்க்கார் உத்தியோகஸ்தர்களே வாங்கித் தோட்ட முதலாளி ஆனார்கள். மலையை மொட்டையடித்துக் காப்பி நட்டார்கள். 1869ல் காப்பிச் செடியின் இலையில் பூஞ்சை நோய் கண்டது. ஒரே பயிராக மைல் கணக்கில் நட்டிருந்ததால் நோய் நெருப்பைப் போல் பரவியது. காப்பி மடிந்தது. லாபம் நிற்குமா? அதே மலையில் தேயிலை நட்டார்கள். மிச்சமிருந்த காட்டையும் உச்சிவரை வெட்டினார்கள்.

மரத்தை வெட்டிய கூலிகளில் பெரும்பாலோர் சிங்களக் கிராமத்து ஏழைகள். குழி தோண்டி, செடி நட்டு, கொழுந்து கிள்ளியவர்கள் தமிழர்கள். திருச்சி, மதுரை, தஞ்சை, சேலம் ஜில்லாக்களிலிருந்து பஞ்சம் துரத்த, கங்காணி இழுக்க, கடல் தாண்டிப் போனவர்கள். மன்னாரிலிருந்து மலைக்குக் காட்டு வழியே நடந்தார்கள். காலராவிலும் பட்டினியிலும் பாதையிலேயே விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். தப்பிப் போய்ச் சேர்ந்தவர்களைக் கடன் சீட்டில் கட்டிப் போட்டார்கள். வெட்டியவனுக்கும் காடு சொந்தமில்லை; நட்டவனுக்கும் தோட்டம் சொந்தமில்லை.

பிறகு என்ன நடந்தது? இலங்கை சுதந்திரமடைந்த 1948ம் ஆண்டிலேயே பிரஜா உரிமைச் சட்டம் கொண்டுவந்து, மலைநாட்டுத் தமிழ்த் தொழிலாளர் பல லட்சம் பேரை நாடற்றவராக்கினார்கள். 1964ல் சாஸ்திரியும் சிறிமாவும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்டுக்கிடை பிரிப்பதுபோல் பிரித்தார்கள். அந்த ஜனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்னால் உள்நாட்டு யுத்தம் வந்தது. இன்று நம் கும்மிடிப்பூண்டியிலும் புழலிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டு முகாம்களில் உள்ளவர்களில் மலைநாட்டுத் தோட்டக் குடும்பங்களின் வாரிசுகளும் உண்டு. ஆக, அந்த ஓடையும் நம் ஊரும் வெகு தூரத்தில் இல்லை. தேரையின் ஓடையைப் பறித்த அதே தோட்டமுறைதான் உழைத்தவனின் வாழ்வையும் பறித்தது.

இன்றைய நிலை என்ன? மிஞ்சிய காடு துண்டு துண்டாக நிற்கிறது. தோட்டங்கள் 1972லும் 1975லும் அரசுடைமையாயின. 1992ல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளின் கைக்குப் போயிற்று. மேலே தேயிலைக்குத் தெளிக்கும் மருந்தும் களைக்கொல்லியும் மழையில் கரைந்து கீழே ஓடைக்கு வருகின்றன. ஓடையை மறித்துக் குழாய்க்குள் திருப்பிச் சிறு மின்நிலையம் நடத்துகிறார்கள். அணைக்குக் கீழே பாறை காய்கிறது. சிவனொளிபாதமலைக்கு ஏறும் லட்சக்கணக்கான யாத்ரீகர்கள் விட்டுச் செல்லும் பிளாஸ்டிக் குப்பை வேறு. அந்த ஓடைத் தண்ணீரைத்தான் லயன் வீடுகளில் உள்ள தாய்மார்களும் குடிக்கிறார்கள். நாட்கூலி 1,000 ரூபாய் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடி அவர்கள் 2021ல்தான் பெற்றார்கள். கூலியில் மிச்சம் பிடிக்கும் கை, மருந்து தெளிப்பவனுக்குக் கையுறை வாங்கித் தருவதிலும் மிச்சம் பிடிக்கும். ஓடைக் கரையில் நாலு முழம் காட்டை விட்டுவைப்பதிலும் மிச்சம் பிடிக்கும்.

இது இலங்கையோடு முடிந்துபோகும் விஷயமில்லை. குடகில் பிரம்மகிரி மலையோடைகளிலும் இப்படி ஓடைத் தேரை உண்டு. அங்கும் சுற்றிலும் காப்பித் தோட்டங்கள். 2023ல் உலகம் முழுவதும் எடுத்த கணக்குப்படி, தவளை, தேரை வகையறா உயிரினங்கள் சுமார் 8,000ல் 100க்கு 41 அழியும் ஆபத்தில் இருக்கின்றன. காடு அழிவதும், ஒரு கொடிய பூஞ்சை நோயும், பூமி சூடாவதும் காரணங்கள்.

ஆப்பிரிக்காவில் தான்சானியா தேசத்துக் கதையையும் கேளுங்கள். கிஹான்சி என்ற ஆற்றின் நீர்வீழ்ச்சிச் சாரலில் மட்டும் வாழ்ந்த ஒரு குட்டித் தேரையை 1996ல் கண்டுபிடித்தார்கள். அப்போதே உலக வங்கிக் கடனில் மேலே அணைக்கட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. 2000ம் ஆண்டுவாக்கில் ஆற்றுநீரில் பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பிவிட்டார்கள். சாரல் நின்றது. 500 தேரைகளை அமெரிக்காவுக்கு எடுத்துப் போய்த் தொட்டியில் வளர்த்தார்கள். 2009ல் அந்தத் தேரை காட்டில் அழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். குழாய் போட்டுச் செயற்கைச் சாரல் தெளித்து, 2012ல் சில ஆயிரம் தேரைகளைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். தான்சானியா ஏழைக்கு மின்சாரம் வேண்டாம் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால், எவ்வளவு நீரை ஆற்றுக்கே விடவேண்டும் என்று முன்கூட்டிக் கணக்குப் பார்த்திருந்தால் இந்தக் கூத்து ஏன்? கடன் கொடுத்தவனுக்கும் ஒப்பந்தக்காரனுக்கும் அவசரம். பொறுப்பு மட்டும் யாருக்கும் இல்லை.

“வேலை வேண்டுமா, தேரை வேண்டுமா?” என்று முதலாளிகள் நம்மிடம் கேட்கிறார்கள். இது நம்மைக் கூறுபோடும் கேள்வி. கேரளத்தில் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழை ஆற்றை மறித்து அணை கட்டும் திட்டம் 1970களில் வந்தபோதும் இதே கேள்விதான் எழுந்தது. நமது இயக்கத்துக்குள்ளேயே அன்று இரு கருத்து இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் தோழர்கள் வெறுங்கோஷம் போடவில்லை. 1979ல் கணக்கும் விவரமுமாக ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மலபாருக்கு மின்சாரம் வேண்டும், அதற்கு வேறு வழிகளும் உண்டு என்று காட்டினார்கள். கிராமம் கிராமமாக ஜனங்களிடம் எடுத்துச் சொன்னார்கள். திட்டம் 1983ல் கைவிடப்பட்டது, காடு நின்றது. அதனால் கேரளம் இருட்டில் மூழ்கிவிடவில்லை.

மறுபக்கம் இன்னொரு கூட்டமும் உண்டு. காட்டைக் காப்பது என்றால் காட்டிலுள்ள ஏழையை விரட்டுவது என்று நினைப்பவர்கள் அவர்கள். நம் திருவள்ளூர் ஜில்லா இருளர் மக்களைக் கேளுங்கள். 1972ல் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாம்புத்தோல் வியாபாரம் நின்றது. நிற்க வேண்டியதுதான். ஆனால் தோலை ஏற்றுமதி செய்து கொழுத்தவன் வேறு வியாபாரத்துக்குப் போனான்; பாம்பு பிடித்த இருளனுக்குப் பிழைப்பு போயிற்று. அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் இருளர் குடும்பங்கள் கொத்தடிமையாகக் கிடந்த கொடுமை நாம் அறிந்தது. 1978ல் இருளர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. பாம்பைப் பிடித்து நஞ்சை எடுத்துக்கொண்டு மீண்டும் காட்டில் விட்டார்கள். அந்த நஞ்சிலிருந்து பாம்புக் கடிக்கு மருந்து வந்தது. பாம்பும் பிழைத்தது, உழைப்பாளியும் பிழைத்தான், கடிபட்ட விவசாயியும் பிழைத்தான். வழி இல்லாமல் இல்லை. உழைப்பவனின் கையில் பொறுப்பைக் கொடுத்தால் வழி பிறக்கும்.

வயலில் பாடுபடுகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். நம் நாட்டுப் பச்சைத் தவளைகளைப் பிடித்து, காலை வெட்டி, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான டன் அந்நிய நாட்டு விருந்து மேஜைக்கு அனுப்பினார்கள். தவளை தின்ற பூச்சி வயலில் பெருகியது. பூச்சியைக் கொல்ல அந்நியக் கம்பெனியின் மருந்தைக் காசு கொடுத்து வாங்கினோம். 1987ல்தான் அந்த ஏற்றுமதிக்குத் தடை வந்தது. தவளை விற்ற லாபம் ஒருவனுக்கு. மருந்து விற்ற லாபம் இன்னொருவனுக்கு. மருந்தைச் சுவாசித்த நெஞ்சு நமக்கு.

இனி நம் வாசலுக்கு வருவோம். கொசஸ்தலை ஆற்றையும் ஆரணி ஆற்றையும் பாருங்கள். மணலை அள்ளினார்கள், கழிவை விட்டார்கள். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கிடக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து மீனவரின் படகும் வலையும் கறுத்தன. அதே மாதம் 26ந் தேதி நள்ளிரவில் அம்மோனியா வாயு கசிந்து பெரியகுப்பம் மக்கள் குழந்தை குட்டிகளோடு தெருவில் ஓடினார்கள். கும்மிடிப்பூண்டி உருக்காலைகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் உலை முன்னால் வேகிறார்கள். அவர்களைக் கூட்டி வரும் ஏஜெண்டு யார்? அன்றைய கங்காணியின் பேரன்தான். அன்று நாம் கடல் தாண்டிப் போனோம்; இன்று அவர்கள் ரயிலேறி வருகிறார்கள். அவர்களும் நம் சகோதரர்களே.

ஓடைத் தேரை பேசாது, சங்கம் வைக்காது, மனு கொடுக்காது. தண்ணீர் கெட்டால் முதலில் சாகும். அடுத்தது மீன். அதற்கடுத்தது கிணற்று நீர் குடிக்கும் ஏழை. நகரத்துப் பணக்காரன் வீட்டுக்குத் தண்ணீர் லாரியில் வரும், பாட்டிலில் வரும். ஆகவே தேரையைக் காப்பது தோட்ட வீட்டில் உட்கார்ந்து பறவை பார்க்கும் சீமான்களின் வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. முதலில் அடிபடுகிறவன் முதலில் குரல் எழுப்ப வேண்டும்.

நம் சங்கங்கள் என்ன செய்யலாம்? போனஸ், கூலிக் கோரிக்கைகளோடு இவற்றையும் சேர்க்கலாம். ஆலைக்குள் புழங்கும் ரசாயனம் ஒவ்வொன்றின் பெயரையும் ஆபத்தையும் தமிழிலும் இந்தியிலும் வாசலில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். போபாலில் 1984ல் ஆயிரக்கணக்கானோர் மாண்ட பிறகுதான், 1987ல், ஆபத்தைத் தொழிலாளிக்குச் சொல்ல வேண்டும் என்ற விதி தொழிற்சாலைச் சட்டத்தில் ஏறியது. இரத்தம் கொடுத்து வாங்கிய உரிமை அது. கழிவுநீரைச் சோதித்த கணக்கைச் சங்கத்துக்கும் ஊராட்சிக்கும் காட்டச் சொல்லுங்கள். மருந்து தெளிக்கும் கூலியாளுக்குக் கையுறையும் முகமூடியும் இல்லாமல் தெளிப்பானைத் தொடமாட்டோம் என்று சொல்லுங்கள். கிராமசபையில் எழுந்து நின்று ஓடையையும் ஏரியையும் பற்றித் தீர்மானம் போடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. மாசு காரணமாக ஓர் ஆலையை மூட உத்தரவு வந்தால், மூடிய நாள் முழுவதற்கும் கூலியை முதலாளியே கொடுக்க வேண்டும். இந்தக் கோரிக்கையை வென்றுவிட்டால், “புகையைப் பற்றிப் பேசினால் உன் அடுப்பு அணையும்” என்ற மிரட்டல் செல்லாக்காசாகிவிடும். தொழிலாளியையும் மீனவரையும் விவசாயியையும் ஒருவர்மேல் ஒருவர் ஏவிவிடும் சூழ்ச்சியும் அன்றே முறியும்.

கண்டித் தேரை 130 ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் ஒரு மூலை ஓடையில் உயிர் பிடித்துக் கிடந்தது. துரைமாரின் கோடரி எட்டாத ஒரு துண்டுக் காடு மிஞ்சியிருந்ததால் அது பிழைத்தது. நமக்கு அப்படி ஒளிந்துகொள்ள மூலை இல்லை, தேவையும் இல்லை. நமக்குச் சங்கம் இருக்கிறது. அடுத்த வாயிற்கூட்டத்தில் ஆற்றைப் பற்றியும் பேசுங்கள், தோழர்களே!