பத்துக் குழந்தைகளுக்கு ஒரு நாடகமா?

பத்துக் குழந்தைகளுக்காக நாலைந்து நடிகர்கள், கூடவே வாத்தியக்காரர்கள்! இது கட்டுபடியாகுமா? கலைக்கான மானியத்தை வெட்டக் கத்தி தீட்டும் கனவான்கள் பிரிட்டனில் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி போலத்தான் தோன்றும். அதன் முகமூடியைக் கழற்றிப் பார்ப்போம்.

முதலில், அது என்ன நாடகம்? லண்டனில் 1981-ல் தோன்றிய ‘ஆய்லி கார்ட்’ குழு, ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கும் கடுமையான ஊனங்கள் உள்ள குழந்தைகளுக்கும் நாடகம் நடத்தி வருகிறது. சிறப்புப் பள்ளிகளின் கூடங்களிலும், நீச்சல் குளங்களிலும், குதித்தாடும் டிராம்போலின் மேலும்கூட அவர்கள் நாடகம் நடந்திருக்கிறது. குழந்தையின் பெயரையே பாட்டாக்கி நடிகர் பாடுகிறார். தண்ணீர், காற்று, வாசனை, வெளிச்சம் எல்லாம் அங்கே வசனம் பேசுகின்றன. குழந்தை கையை உதறினால் நடிகரும் உதறுகிறார். முகத்தைத் திருப்பிக்கொண்டால் காத்திருக்கிறார். எழுந்து போன குழந்தை திரும்பி வந்தால் அதன் இடம் அதற்காகவே இருக்கிறது. கதையை நடத்திச் செல்வது குழந்தை!

ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்துப் பெயர் பெற்ற கெல்லி ஹன்டர், அதே ஷேக்ஸ்பியரை இக்குழந்தைகளிடம் எடுத்துச் சென்றார். அவர் உருவாக்கிய முறையில் ‘டெம்பெஸ்ட்’ நாடகம் 2014-ல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியும் அமெரிக்காவின் ஓஹியோ ஸ்டேட் பல்கலைக் கழகமும் சேர்ந்து நடத்தப்பட்டது. நடிகர்களும் குழந்தைகளும் வட்டமாக உட்கார்ந்து, மார்பில் தட்டி, இதயத் துடிப்பின் தாளத்தில் ‘ஹலோ’ சொல்லித் தொடங்குவார்கள். காலிபன் பேசக் கற்கும் கட்டத்தைக் குழந்தைகள் விளையாட்டாக ஆடுவார்கள்.

ஒவ்வொரு குழந்தையின் கண்ணையும் கையையும் பார்த்து நடிக்க வேண்டிய கலைக்கு ஆயிரம் பேர் கொண்ட கொட்டகை ஆகாது. கூட்டம் சிறுத்திருப்பது இந்தக் கலையின் இலக்கணம். அதைக் குறையென்று சொல்பவன், வைத்தியர் ஒரு நேரத்தில் ஒரே நோயாளியின் நாடியைப் பிடிக்கிறாரே என்று குறை சொல்பவனுக்கு அண்ணன்!

டிக்கெட் விற்கும் தர்மம்

“சந்தை பார்த்துக்கொள்ளும்” என்று சிலர் உபதேசிக்கிறார்கள். சந்தை பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேளுங்கள். நியூயார்க்கின் பிராட்வே உலகப் புகழ் பெற்ற நாடகச் சந்தை. அங்கே ‘லயன் கிங்’ நாடகம், சத்தத்தைக் குறைத்து, கண்ணைப் பறிக்கும் விளக்குகளை நிறுத்தி, ஆட்டிசம் உள்ளவர்களுக்காக ஒரு தனிக் காட்சியாக நடந்தது 2011 அக்டோபரில். பிராட்வேயில் அதுவே முதல் தடவை. அதையும் முன்னின்று நடத்தியது லாப நோக்கமற்ற ஒரு நாடக நிதியம். இது நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் அந்த ஒரு காட்சி முடிந்த பிறகு?

2015 செப்டம்பரில் அதே நகரின் லிங்கன் சென்டரில் ‘தி கிங் அண்ட் ஐ’ நடந்துகொண்டிருந்தபோது ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தை அலறியது. தாய் அதை வெளியே அழைத்துச் செல்லப் படாத பாடு பட்டாள். சபையிலிருந்த சிலர் அவளையே ஏசினார்கள். மேடையிலிருந்த நடிகர்களில் ஒருவர், அந்தத் தாயின் பக்கம் நின்று பகிரங்கமாக எழுதினார். அந்த நடிகருக்கு நம் வணக்கம். ஆனால், காசு கொடுத்தவனின் அமைதிதான் பெரிது என்று கற்றுக்கொடுத்தது யார்? நாடகத்தைச் சரக்காக்கிய அமைப்புதான்!

அமெரிக்க சர்க்காரின் யோக்கியதை என்ன? பண்பாட்டு வாழ்வில் பங்கு பெறுவது மாற்றுத் திறனாளிகளின் உரிமை என்று 2006-ல் ஐ.நா. உடன்படிக்கையின் 30-வது பிரிவு சொல்லிவிட்டது. 2012 டிசம்பரில் அது செனட் சபைக்கு வந்தது. குடியரசுக் கட்சியின் முன்னாள் ஜனாதிபதி வேட்பாளர் பாப் டோல் சக்கர நாற்காலியில் சபைக்கே வந்து ஆதரவு தேடினார். ஆதரவு 61, எதிர்ப்பு 38. மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் தோற்றது. எதிர்த்தவர்கள் அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களே! அமெரிக்கா இன்றுவரை அதை அங்கீகரிக்கவில்லை.

கத்தி யார் கையில்?

பிரிட்டன் 2009-ல் அங்கீகரித்தது. அடுத்த ஆண்டே கத்தியை எடுத்தது! 2010 அக்டோபரில் இங்கிலாந்துக் கலைக் கவுன்சிலின் நிதியில் 29.6 சதவீதம் வெட்டு. அதே ஆண்டு சாமர்செட் கவுண்டி சபை கலை அமைப்புகளுக்கான தன் மானியத்தை அடியோடு ஒழித்தது. 2023-ல் பர்மிங்ஹாம் நகர சபை கையை விரித்தது. சம ஊதிய பாக்கியும், கோணலாய்ப் போன கணினித் திட்டமும் காரணம் என்றார்கள். பத்தாண்டுக்கு மேலாக மத்திய சர்க்கார் மானியத்தைச் சுரண்டி எடுத்த கதையை மெல்ல விழுங்கினார்கள். கலை அமைப்புகளுக்கான மானியம் முதலில் பாதியாகி, பிறகு பூஜ்யமாக வேண்டும் என்று முடிவாயிற்று.

லண்டன் ராயல் ஆப்பரா ஹவுசுக்கு ஆண்டுதோறும் 2 கோடி பவுனுக்கு மேல் பொதுப் பணம் போகிறது. போகட்டும், இசையை நாம் வெறுக்கவில்லை. சீமான்கள் அமரும் அந்த நாற்காலிகளுக்குப் பொதுப் பணம் கலாசாரம். சக்கர நாற்காலிக்குப் போனால் மட்டும் வீண் செலவா?

“தனவான்கள் நன்கொடை தருவார்களே” என்று கடைசியாக ஒரு சமாதானம். தனவானின் மனம் மாறினால் நாடகம் நின்றுபோகும். பிச்சைப் பாத்திரத்தில் விழுவதை உரிமை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்தியா 2007-லேயே இந்த உடன்படிக்கையை அங்கீகரித்த நாடு. நமது 2016-ம் ஆண்டுச் சட்டம் ஆட்டிசத்தைப் பட்டியலில் சேர்த்து, 29-வது பிரிவில் கலையும் பொழுதுபோக்கும் பற்றிப் பேசுகிறது. எனவே இது கடல் கடந்த சங்கதி என்று ஒதுங்க நமக்கும் வழியில்லை.

கலைஞனுக்குக் கூலி, பள்ளிக்கு நாடகம், குடும்பத்துக்கு இலவச அனுமதி: இவை பொதுப் பணத்தில், ஆண்டு முழுவதும் வேண்டும்! தாயும் தகப்பனும் கூடப் பிறந்தவர்களும் அந்தக் குழந்தையோடு ஒன்றாக அமர்ந்து, யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் ஒரு நாடகம் பார்க்க வேண்டும். அதற்குக் கணக்கு ஒத்துவரவில்லை என்றால், மாற்ற வேண்டியது கணக்கை!