காயலான் கடைக்குப் போகும் ஷேப்பரை மீட்டெடுங்கள்.. ஆனால் பெயிண்ட்டுக்கு முன் பாதுகாப்பு

கொஞ்சம் நீளமான த்ரெட். வீட்டுல சின்ன பட்டறை வச்சிருக்கிறவங்க கடைசி வரை படிங்க. ஓய்வு பெற்ற அப்பாவோ மாமனாரோ வீட்டில் இருந்தால் இது உங்களுக்கும் தான்.

மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவில் இருக்கிறது அனுப்பம்பட்டு. அந்தப் பக்கம் இருந்து என்னிடம் வரும் ஒருவர் ஓய்வு பெற்ற மெஷினிஸ்ட். அறுபதைக் கடந்தவர். பத்து வருட சர்க்கரை.

ஒரு நாள் மாலை இடது கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். ஆள்காட்டி விரலில் நகம் பெயர்ந்து நுனி நசுங்கியிருந்தது.

"என்ன ஐயா ஆச்சு?"

"ஷேப்பர் சார். கரண்ட் போச்சு, மிஷின் நின்னுடுச்சு. வைஸ் மேல இருக்கிற சிப்ஸைத் தள்ளலாம்னு கை வச்சேன். கரண்ட் வந்துடுச்சு."

தையல் போட்டேன், டிடி ஊசி போட்டேன். கூடவே ஒரு அறிவுரையும் சொன்னேன்.

"இந்த வயசுல எதுக்கு ஐயா இதெல்லாம்? பேசாம வித்துடுங்க."

அந்த அறிவுரை தப்பு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஷேப்பர் என்றால் என்ன?

லேத்தில் இரும்பு சுற்றும், டூல் நிற்கும். ஷேப்பரில் இரும்பு வைஸில் நிற்கும், டூல் முன்னும் பின்னும் போய் வந்து சீவும். தச்சர் இழைப்புளி தள்ளுவது போல. முன்னால் போகும்போது வெட்டும், திரும்பும்போது சும்மா வரும். அந்த நேரம் வீணாகக் கூடாது என்று திரும்பும் ஓட்டத்தை மட்டும் வேகமாக்கும் அமைப்பு உள்ளே இருக்கும். ஐடிஐயில் படித்தவர்களுக்கு இந்தக் குயிக் ரிட்டர்ன் மறக்காது.

1836ல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் நாஸ்மித் உருவாக்கிய மிஷின் இது. பிறகு வீட்டுப் பட்டறைக்கு ஏற்ற குட்டி ஷேப்பர்களும் வந்தன. அமெரிக்காவில் அட்லஸ் கம்பெனியின் 7 இன்ச், இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கையால் தள்ளி இயக்கும் அடெப்ட். நம் நாட்டில் பஞ்சாபின் பட்டாலா ஷேப்பருக்குப் பேர் போன ஊர்.

மில்லிங் மிஷினும் சிஎன்சியும் வந்த பிறகு தொழிற்சாலைகளில் இதற்கு வேலை குறைந்துவிட்டது. அதனால் நல்ல வார்ப்பிரும்பு மிஷின்கள் கிலோ கணக்கில் காயலான் கடைக்குப் போகின்றன. நம்ம ஐயாவும் அப்படிப் போக இருந்த ஒன்றைத்தான் வாங்கி வந்தார்.

இப்போ என் தப்புக்கு வருகிறேன்.

மூன்று மாதம் கழித்து வந்தார். காயம் ஆறியிருந்தது. ஆனால் சர்க்கரை ஏறியிருந்தது, எடை குறைந்திருந்தது. கூட வந்த அம்மா சொன்னார்.

"மிஷின் மேல தார்ப்பாய் போட்டு மூடிட்டாரு சார். காலைல எழுந்தா டிவி, ராத்திரி வரைக்கும் டிவி. சரியா பேசறது கூட இல்ல."

முப்பது வருடம் இரும்போடு வாழ்ந்த மனுஷனிடம் "வித்துடுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். விரலுக்கு வைத்தியம் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் பட்டறைக்குப் போனேன். ஷெட்டில் மிஷின் பளபளவென்று இருந்தது. ரேம் ஓடும் தடத்தைச் சுரண்டிச் சமன் செய்து, கிப் இறுக்கி, அடைத்திருந்த எண்ணெய்த் துளைகளைக் கம்பி விட்டு எடுத்து, கிளாப்பர் பாக்ஸுக்குப் புது பின் போட்டு, பச்சை பெயிண்ட்டும் அடித்திருந்தார்.

ஆனால் மோட்டாருக்கு? ஃபேனுக்குப் போடுகிற மாதிரி ஒரு சாதா சுவிட்ச். பெல்ட்டுக்கு மூடி கிடையாது.

"கவர் போட்டா மிஷினோட பழைய அழகு போயிடும் சார்" என்றார்.

இங்கே தான் என் கருத்து. பழைய மிஷினை மீட்பவர்கள் பலர் பெயிண்ட்டில் ஆரம்பித்துப் பெயிண்ட்டிலேயே முடித்துவிடுகிறார்கள். மியூசியத்தில் வைப்பதாக இருந்தால் அழகை அப்படியே காப்பாற்றுங்கள். ஓட்டப் போகிறீர்கள் என்றால் முதல் மாற்றம் பாதுகாப்பில்தான் இருக்க வேண்டும்.

என்னென்ன செய்யலாம்?

✅ நோ வோல்ட் காயில் உள்ள ஸ்டார்ட்டர். கரண்ட் போனால் தானாக விழுந்துவிடும். கரண்ட் வந்தாலும் பச்சை பட்டனை அழுத்தினால் தான் ஓடும். இது இருந்திருந்தால் அன்று ஐயாவின் விரல் தப்பித்திருக்கும். கைக்கு எட்டும் தூரத்தில் சிவப்பு ஸ்டாப் பட்டனும் வேண்டும்.

✅ பெல்ட்டுக்கும் கியருக்கும் மூடி. ரேமின் பின்பக்கம் கம்பித் தடுப்பு. ரேம் பின்னாலும் நீளும். சுவருக்கும் அதற்கும் நடுவில் ஒரு குழந்தை நிற்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

✅ சிப்ஸ் சூடாகத் தெறிக்கும். முன்பக்கம் ஒரு தடுப்பு, கண்ணுக்குக் கண்ணாடி. சிப்ஸைத் தள்ள பிரஷ், கை அல்ல.

✅ எர்த், கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. உப்புக்காற்று அடிக்கும் பழவேற்காடு பக்கம் ஒயர் இணைப்புகள் சீக்கிரம் அரிக்கும்.

✅ ஸ்ட்ரோக் நீளம் மாற்றியதும் கைப்பிடியைக் கழற்றுங்கள். முதல் ஓட்டத்தைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு மோட்டார்.

❌ ஓடும் மிஷின் பக்கம் கிளவுஸ், மோதிரம், தோளில் துண்டு, தொங்கும் லுங்கி வேண்டாம்.

துரு, பெயிண்ட் எடுக்கும் போது?

பழைய மிஷின் பெயிண்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசி வீட்டுக் குழந்தையின் வாய்க்குப் போகும். குழந்தைக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் இல்லை. நனைத்துத் தேயுங்கள், மாஸ்க் போடுங்கள், அந்த உடையைத் தனியாகத் துவையுங்கள்.

சலவை சோடா கரைசலில் கரண்ட் விட்டுத் துரு எடுப்பவர்கள், எதிர்முனைக்கு எவர்சில்வர் வைக்காதீர்கள். புற்றுநோய் உண்டாக்கும் குரோமியம் தண்ணீரில் இறங்கும். சாதா இரும்பு போதும். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் வெளியில், நெருப்பு இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

அப்படியும் அடிபட்டால்?

விரல் துண்டானால், அதைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக்கூடாது. காயத்தை அழுத்திக் கட்டி, கையை உயர்த்திப் பிடித்து, 108ஐ அழையுங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது. மஞ்சள், காபித்தூள் வைத்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

கண்ணில் தெறித்தால் தேய்க்காதீர்கள், தாய்ப்பால் ஊற்றாதீர்கள். கண் மருத்துவரிடம் போங்கள். பிற்காலத்தில் எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

"இவ்வளவு தொல்லைக்குப் புதுசா மில்லிங் மிஷின் வாங்கிடலாமே டாக்டர்?"

வாங்கலாம். ஆனால் மில்லிங் கட்டர் மழுங்கினால் அதைத் தீட்ட தனி மிஷின் வேண்டும். ஷேப்பருக்கு ஒரே ஒரு ஹெச்எஸ்எஸ் டூல் பிட். மழுங்கினால் வீட்டு கிரைண்டரிலேயே தீட்டிக்கொள்ளலாம். மெதுவான மிஷின் தான். ஓய்வு பெற்றவருக்கு என்ன அவசரம்?

ஐயா இப்போது மீண்டும் ஷேப்பர் ஓட்டுகிறார். ஸ்டார்ட்டர் போட்டாச்சு. பெல்ட் மூடிக்கும் அதே பச்சை பெயிண்ட். சர்க்கரை முழுசா கட்டுக்குள் வரவில்லை, மாத்திரை தொடர்கிறது. ஆனால் தூக்கம் வருகிறது, பசி எடுக்கிறது, பேச்சும் வந்துவிட்டது.

போன மாதம் நான் அங்கே இருந்தபோது பழவேற்காட்டில் இருந்து ஒரு மீனவத் தம்பி வந்தார். படகு எஞ்சின் சாப்ட்டில் கீவே தேய்ந்து, சாவி நிற்காமல், பிராப்பல்லர் வழுக்குகிறது. அது சரியாகும் வரை தொழிலுக்குப் போக முடியாது.

ஐயா சாப்ட்டை வைஸில் கட்டினார். கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். கண்ணாடி போட்டார். பிறகு பச்சை பட்டன்.

நடுவில் கரண்ட் போனது. ஐயா கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். கரண்ட் வந்தது. மிஷின் அசையவில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர் பழைய இரும்பைக் கட்டிக்கொண்டு அழுதால், "வித்துடுங்க" என்று சொல்வதற்கு முன் ஒரு ஸ்டார்ட்டர் வாங்கிக் கொடுங்கள்.